துபாஷின் குடும்பம்: ஆனந்தரங்கப் பிள்ளையின் ஏற்றமும் தாழ்வும்

இடைக்கால ஐரோப்பாவில் பொஹிமியா போன்ற நாடுகளின் பிரபுக் குடும்பங்கள் கோட்டையையும் நிலத்தையும் தலைமுறை தலைமுறையாக ஆண்டுவந்தன. 18-ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் அவற்றுக்கு நிகரான மரியாதையுடன் வாழ்ந்த துபாஷ் குடும்பங்களுக்கோ பிரெஞ்சுக் கவர்னரின் நம்பிக்கையே ஆதாரமாக இருந்தது. துபாஷ் எனப்பட்டவர் பிரெஞ்சுக்காரர், உள்ளூரார் ஆகிய இரு தரப்புக்கும் மொழிபெயர்த்ததோடு, துணி வணிகர்களைத் திரட்டிப் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சரக்கு சேர்த்துக் கொடுத்து, ஊர்ப் பஞ்சாயத்தைக் கவனித்து, நவாபுகளின் தூதர்களோடு பேச்சு நடத்திய தலைமை முகவர் ஆவார்.

அந்தப் பதவி எவ்வளவு நிலையற்றது என்பதை ஆனந்தரங்கப் பிள்ளையின் குடும்பம் முன்னரே அனுபவித்திருந்தது. அவருடைய தந்தை திருவேங்கடம் பிள்ளையைச் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வரவழைத்த மைத்துனர் நைனியப்பப் பிள்ளை, 1716-இல் கவர்னர் எபேரால் சிறைப்படுத்தப்பட்டுச் சொத்தையும் இழந்து, மறு ஆண்டே சிறையில் மாண்டார். அவர் மகன் குருவப்பப் பிள்ளை பிரான்சுக்கே சென்று நீதி கேட்டு, அங்கே கிறிஸ்தவராகி, செவாலியர் பட்டமும் பெற்றுத் திரும்பித் தந்தையின் பதவியில் அமர்ந்தார். 1724-இல் அவரும் இறந்தார்.

1709-இல் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை இந்த வரலாற்றின் நிழலிலேயே வளர்ந்தவர். ‘ஆனந்தப் புரவி’ என்னும் கப்பலுக்கு உரிமையாளராகக் கடல் வாணிகம் நடத்திய அவர், ஊர் விவகாரங்களையும் வியாபாரக் கணக்குகளையும் தம் பாக்குக் கிடங்கில் அமர்ந்தே பார்த்துவந்தார். வணிகர்களும் தூதர்களும் ஒற்றர்களும் அங்கு வந்து சொன்னவை பல அவருடைய நாட்குறிப்பில் பதிவாயின. நள ஆண்டு ஆவணி மாதம், அதாவது 1736 செப்டம்பர் 6 அன்று தொடங்கும் அந்தக் குறிப்பில் கப்பல் வரவும் அரசியல் சூழ்ச்சியும் குடும்பச் செய்திகளும் ஒரே பேச்சுத் தமிழில் அடுத்தடுத்து வருகின்றன.

தலைமைத் துபாஷாக இருந்த கனகராய முதலியார் 1746-இல் இறந்தபின், கவர்னர் தூப்ளேயின் மனைவி எதிர்த்தும், பதவி பிள்ளையிடம் வந்தது. தக்காணத்தின் சுபேதாராகிய முசாபர் ஜங் அவருக்கு மூவாயிரம் குதிரைக்கான மன்சப் என்னும் படைத்தகுதியையும் செங்கல்பட்டு ஜாகீரையும், அதாவது அப்பகுதியின் வரி வருவாயை அனுபவிக்கும் உரிமையையும், அளித்தார். கவர்னர் மாளிகைக்குள் பல்லக்கில் மேளதாளத்தோடு செல்லும் உரிமையும் அவருக்கு இருந்தது. தமிழில் ‘ஆனந்தரங்கக் கோவை’யும் வடமொழியில் ‘ஆனந்தரங்க சம்பு’வும் அவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு எழுந்தன.

இத்தனை சிறப்புக்கும் எல்லை இருந்தது. 1748 செப்டம்பரில், பாதிரியார்கள் நெடுங்காலமாகக் கோரிவந்தபடி வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டபோது, இந்துக்களின் தலைவராக மதிக்கப்பட்ட பிள்ளையால் அதைத் தடுக்க இயலவில்லை. மனம் நொந்து அவர் எழுதிவைத்துள்ள அப்பகுதி நாட்குறிப்பிலேயே மிகத் துயரமானது. அன்னிய ஆட்சியில் உள்ளூர்ப் பெரியவரின் அதிகாரம் எதுவரை செல்லும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

பிள்ளைக்கும் மங்கத்தாயி அம்மாளுக்கும் பாப்பாள், பொன்னாச்சி, நன்னாச்சி என்ற மகள்களும் அண்ணாசாமி, அய்யாசாமி என்ற மகன்களும் பிறந்தனர். அவர்கள் வாழ்ந்த மாளிகை, கீழ்த்தளத்தில் செதுக்கிய மரத்தூண்களும் மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணி வெண்தூண்களுமாக, அவர் பெயர் தாங்கிய ரங்கப்பிள்ளை வீதியில் உள்ளது. ஒரே கூரையின் கீழ் இருவகைக் கட்டடக் கலையையும் வைத்துக்கொண்ட அவ்வீடு, அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை நிலையை நேர்படக் காட்டுகிறது.

1754-இல் தூப்ளே திருப்பி அழைக்கப்பட்டதும் பிள்ளையின் செல்வாக்கு சரிந்தது. 1756-இல் கவர்னர் லெறி அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். நோயுற்ற நிலையிலும் எழுதிவந்த பிள்ளை, ஆங்கிலேயர் முற்றுகையில் ஊர் பட்டினி கிடந்த 1761 ஜனவரியில், நகரம் வீழ்வதற்குச் சில நாள் முன்பு இறந்தார். தம்பி மகன் ரங்கப்பத் திருவேங்கடம் பிள்ளை அந்த ஆண்டிலிருந்தே நாட்குறிப்பைத் தொடர்ந்தார். பதவி கவர்னரின் விருப்பப்படி கைமாறிய அக்குடும்பத்தில், எழுதும் பழக்கம் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் அடுத்த தலைமுறைக்குச் சென்றது.