ஜாங்கோவைத் தூக்கிச் சுமக்கறது யாரு?

பைத்தான் கத்துக்கிட்டு வெப்சைட் பக்கம் வந்தவங்க யாரா இருந்தாலும் ஜாங்கோங்கிற பேரைக் கேட்டிருப்பீங்க. ஆங்கிலத்துல எழுதும்போது முன்னாடி ஒரு டி வரும், சொல்லும்போது அது சைலன்ட். லாகின், டேட்டாபேஸ், அட்மின் பக்கம் எல்லாத்தையும் நாம முதல்ல இருந்து எழுத வேண்டியதில்ல. இன்ஸ்டால் பண்ணா பாதி வேலை முடிஞ்சுது. இன்ஸ்டாகிராமே இதுலதான் கட்டினாங்க. இதுக்கு நாம பத்து பைசா கொடுக்கறதில்ல. அப்போ இதைப் பராமரிக்கிறது யாரு? அவங்களுக்குச் சம்பளம் யாரு கொடுக்கிறாங்க? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

ஆரம்பம் ஒரு பத்திரிகை ஆபீஸ். அமெரிக்காவுல கான்சாஸ் மாநிலத்துல லாரன்ஸ்னு ஒரு ஊர். 2003-ல அங்க 'லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்' பத்திரிகையோட வெப் டீம்ல ஏட்ரியன் ஹோலவாட்டி, சைமன் வில்லிசன்னு ரெண்டு பேர் வேலை பார்த்தாங்க. செய்தி உலகத்துல டெட்லைன்தான் எல்லாமே. புதுசா ஒரு பக்கம் கேட்டா, சில மணி நேரத்துல லைவ் ஆகணும். ஒவ்வொரு தடவையும் அதே கோடை எழுத முடியாதுன்னு, பொதுவான பகுதிகளைத் தனியா எடுத்து வெச்சாங்க. கொஞ்ச நாள்ல ஜேக்கப் கப்லான்-மாஸும் சேர்ந்தார். 2005 ஜூலையில அதை ஓப்பன் சோர்ஸா வெளியிட்டாங்க. ஜாங்கோ ரைன்ஹார்ட்ங்கிற ஜாஸ் கிட்டார் கலைஞரோட பேரை வெச்சாங்க.

பொதுவா கதையை இந்த இடத்துல முடிச்சிடுவாங்க. ஆனா 2014 ஜனவரியில ஏட்ரியனும் ஜேக்கப்பும் தலைமைப் பொறுப்புல இருந்து விலகிட்டாங்க. ஜாங்கோ நிக்கல. ஏன்னா அதுக்குள்ள வேலை பல கைகளுக்குப் போயிருந்துச்சு.

என்ன வேலைன்னு பார்ப்போம். யாராவது ஒரு பக் பார்த்தா டிக்கெட் போடுவாங்க. அது உண்மையான பக்கா, இல்ல போட்டவர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாரான்னு இன்னொருத்தர் ஓட்டிப் பார்க்கணும். உண்மைன்னா டிக்கெட் 'ஏற்கப்பட்டது'ங்கிற நிலைக்குப் போகும். அப்புறம் ஒருத்தர் கோடு எழுதுவார், கூடவே டெஸ்ட்டும் டாக்குமென்டேஷனும் எழுதணும். தான் எழுதினதைத் தானே 'ரெடி'ன்னு மார்க் பண்ணக் கூடாது, வேற ஒருத்தர் ரிவ்யூ பண்ணணும். கடைசியாத்தான் மெர்ஜ். ஒரே ஒரு வரி மாற்றத்துக்கும் இத்தனை பேர் நேரம் போகுது. இதுல டிக்கெட்டைச் சரிபார்க்கவும் ரிவ்யூ பண்ணவும் யார் வேணும்னாலும் வரலாம், பதவி எதுவும் தேவையில்ல.

சிக்கல் எங்கன்னா, புது ஃபீச்சர் எழுத ஆள் கிடைக்கும். தினமும் வர்ற டிக்கெட்டைப் பிரிச்சுப் பார்க்க, செக்யூரிட்டி ஓட்டையை ரகசியமா அடைக்க, ரிலீஸை நாள் தவறாம வெளியிட, ஆபீஸ் முடிச்சு வர்ற தன்னார்வலர் எத்தனை வருஷம் தாங்குவார்? அதுக்காகத்தான் 2014-ல ஜாங்கோ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் 'ஃபெலோ'ங்கிற முறையைக் கொண்டு வந்துச்சு. கம்பெனிகளும் தனி நபர்களும் கொடுக்கிற நன்கொடையில இருந்து ஃபெலோவுக்குச் சம்பளம். முதல் ஃபெலோ டிம் கிரஹாம். இவங்களோட முக்கியமான வேலையே மத்தவங்க கோடு நகர உதவுறதுதான்.

2020-ல இன்னொரு முடிவு எடுத்தாங்க. அதுவரைக்கும் 'கோர் டெவலப்பர்'னு ஒரு குழு இருந்துச்சு. பேர் பெருசு, ஆனா அதுல பல பேர் சுறுசுறுப்பா இல்ல. பெரும்பாலான மெர்ஜைப் பண்ணது ஃபெலோக்கள்தான். புதுசா வர்றவங்களுக்கோ, 'அந்த அளவுக்கு எனக்குத் திறமை இல்ல'ன்னு ஒரு தயக்கம். அதனால அந்தக் குழுவையே கலைச்சிட்டாங்க. இப்போ இருக்கிறது மெர்ஜ் பண்றவர், ரிலீஸ் பண்றவர் மாதிரி பொறுப்புகள். கௌரவப் பட்டம் கிடையாது.

இந்த இடத்துல மால்கம் டிரெடினிக் பத்திச் சொல்லியே ஆகணும். ஆஸ்திரேலியாக்காரர். 2008-ல வந்த 1.0 வெர்ஷனுக்கு முன்னாடி, டேட்டாபேஸ் க்வெரி பகுதியைப் புதுசா மாத்தி எழுதினவர். 2013 மார்ச்சுல காலமானார். அவர் பேர்ல ஃபவுண்டேஷன் ஒரு பரிசு கொடுக்குது. யாருக்குத் தெரியுமா? புதுசா வர்றவங்களை அரவணைச்சு, பொறுமையா உதவி பண்றவங்களுக்கு. அவரை எல்லாரும் ஞாபகம் வெச்சிருக்கிறது அந்தக் குணத்துக்காகத்தான்.

உங்க கம்பெனி ஜாங்கோ யூஸ் பண்ணுதுன்னா, மேனேஜர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "நாம ஃபவுண்டேஷனுக்கு ஏதாவது கொடுக்கிறோமா?" காலேஜ் பசங்களா இருந்தா, பழைய டிக்கெட் ஒண்ணை எடுத்து அந்த பக் இன்னும் வருதான்னு ஓட்டிப் பாருங்க. வந்தாலும் வரலேன்னாலும் அதைத் தெளிவா எழுதுங்க. கோடு பக்கம் போகப் பயமா இருந்தா மொழிபெயர்ப்பு இருக்கு. ஜாங்கோவோட மொழிப் பட்டியல்ல தமிழும் இருக்கு, அதையும் யாரோ உட்கார்ந்து வரி வரியா மாத்தினதுதான்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்!