நன்னாரி வேரை அறிந்துகொள்ளுங்கள்

1990 ஒக்டோபரில் தண்ணீரூற்றிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பலர் வளர்ந்தது புத்தளத்தில். 2009 யுத்த முடிவின் பின் ஊர் திரும்பியவர்களுக்குப் பற்றை ஓரத்து நன்னாரி புதுக்கொடிதான். வீட்டு மூதாட்டிகள் இருக்கும்போதே கேட்டறிந்து கொள்ளுங்கள்.

மெல்லிய கொடி. ஒடுங்கிய இலைகள் எதிரெதிராக இருக்கும். நடுநரம்போடு வெண்கீற்று ஓடும். கிள்ளினால் பால் வரும். ஆயினும் இலையை மட்டும் நம்பவேண்டாம். வேரைக் கீறி முகருங்கள். இனிய மணமில்லையேல் எறிந்துவிடுங்கள்.

மணம் முழுவதும் வேர்ப்பட்டையில்தான். கழுவி நசுக்கி, நடுக்கட்டையை நீக்கி, கொதித்திறக்கிய நீரில் மூடி வையுங்கள். அடுப்பில் கிடந்து கொதித்தால் மணம் போய்விடும். ஆறியபின் சீனியும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்தால், நோன்பு துறக்க இதைவிட என்ன வேண்டும்! சிங்கள மக்கள் இதனை இரமுசு என்று குடிக்கிறார்கள். நீர்க்கடுப்புக்கும் உடற்சூட்டுக்கும் கொடுப்பது பழைய வழக்கம். காய்ச்சலோடு வரும் நீர்க்கடுப்புக்கு இதை நம்பியிருக்காமல் வைத்தியரிடம் போங்கள். கர்ப்பிணிகளும் கேட்காமல் குடிக்கக்கூடாது.

முழுவேரையும் பிடுங்கினால் கொடி செத்துவிடும். பக்கவேரை மட்டும் எடுத்து மண்ணை மூடுங்கள். கண்ணிவெடி அகற்றியதாக உறுதியாகத் தெரியாத காட்டுக்குள் பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம். ஒரு வேர்த்துண்டை வேலியோரம் நட்டால் வளவிலேயே படரும்.