மொழி மீட்ட தீவினர்

பசிபிக் மாகடலின் நடுவே, அமெரிக்கப் பெருநிலத்திற்குத் தென்மேற்கே ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் தொலைவில் ஹவாய்த் தீவுகள் உள்ளன. அவற்றுள் பெரியவை எட்டு. விண்மீன்களையும் அலைகளின் போக்கையும் பறவைகள் செல்லும் திசையையும் கண்டு வழியறிந்து, தெற்கிலுள்ள தீவுகளிலிருந்து இரட்டை மரக்கலங்களில் வந்து குடியேறியவர்களே ஹவாய் மக்களின் முன்னோர். அம்மக்கள் தம் தாய்மொழியை இழக்கும் நிலையை அடைந்து, பின்னர் அதனை மீட்டனர். அவ்விழப்பிற்கும் மீட்பிற்கும் பள்ளிக்கூடமே களமாயிற்று.

மொழியின் இயல்பு

ஹவாய் மொழியில் உயிரொலிகள் ஐந்து. தமிழிற் போலவே அவற்றிற்குக் குறிலும் நெடிலும் உண்டு. மெய்யொலிகள் எட்டே. இரு மெய்கள் அடுத்தடுத்து வருவதில்லை. எல்லாச் சொற்களும் உயிரீற்றுச் சொற்களே.

ஒலிகள் சிலவாயினும் அவை உணர்த்தும் பொருள் நுட்பமானது. கேட்போரையும் உளப்படுத்தி 'நாம்' என்கிறோம். கேட்போரை நீக்கி 'நாங்கள்' என்கிறோம். ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் ஒரே சொல்தான் உண்டு. ஹவாய் மொழியிலோ 'காக்கௌ' என்றால் நாம். 'மாக்கௌ' என்றால் நாங்கள்.

சொற்களில் அம்மக்களின் வாழ்வும் பதிந்துள்ளது. அவர்களுடைய முதன்மையான உணவு சேம்பங்கிழங்கு. தாய்க்கிழங்கினின்று கிளைக்கும் கன்றுக்கு 'ஒஹா' என்பது பெயர். அதனடியாகப் பிறந்த 'ஒஹனா' என்னும் சொல் குடும்பத்தைக் குறிக்கும். குடி தழைப்பதை நாம் 'வாழையடி வாழை' என்று கூறுவதை இது நினைவூட்டுகிறது. வானத் தந்தைக்கு உயிரின்றிப் பிறந்த குழந்தையைப் புதைத்த இடத்தில் சேம்பு முளைத்தது என்றும், அடுத்துப் பிறந்தவனே மக்களின் முன்னோன் என்றும் அவர்கள் கதை கூறுவர். ஆகவே சேம்பு அவர்களுக்குத் தமையன் முறையாகும். சேம்புக் களியிட்ட கலம் திறந்திருக்கும்போது பூசலிடலாகாது என்பது அவர்தம் வழக்கம்.

கல்வியின் எழுச்சி

பண்டைக் காலத்தில் அவர்களிடம் எழுத்து இல்லை. குலவரலாறுகளையும் வழிபாட்டுப் பாடல்களையும் நெட்டுருச் செய்தே காத்துவந்தனர். 1820-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து கிறித்தவ சமயத் தொண்டர்கள் வந்தனர். அவர்கள் ஹவாய் மொழிக்கு உரோம எழுத்துகளை அமைத்து, 1822-ஆம் ஆண்டில் அச்சுப் பணியைத் தொடங்கினர். அரசகுடியினரும் கல்வியைப் போற்றினர். முதலில் பள்ளிக்குச் சென்றோரிற் பெரும்பாலோர் வளர்ந்தோரே. அவர்கள் தம் மொழியிலேயே கற்றனர், விரைந்தும் கற்றனர். 1831-ஆம் ஆண்டில் லஹைனாலூனா என்னுமிடத்தில் உயர்நிலைப் பள்ளி ஒன்று எழுந்தது. 1834-ஆம் ஆண்டில் அங்கே முதல் ஹவாய் மொழிச் செய்தித்தாள் அச்சாயிற்று. அது முதல் 1948-ஆம் ஆண்டு வரை வெளிவந்த செய்தித்தாள்களின் பக்கங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை.

வீழ்ச்சி

அயலார் வருகையோடு புகுந்த நோய்களால் மக்கள்தொகை பெரிதும் குறைந்தது. வணிகமும் கரும்புத் தோட்டங்களும் அயலார் கைக்குச் சென்றன. ஆங்கிலப் பள்ளிகள் பெருகின. 1893-ஆம் ஆண்டில் அரசி லிலியோகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. அடுத்து அமைந்த அரசு, ஆங்கிலமே பள்ளிகளின் பயிற்றுமொழி என 1896-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றிற்று. 1898-ஆம் ஆண்டில் ஹவாய் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டது.

பள்ளியில் தாய்மொழி பேசிய சிறுவர் தண்டனைக்கு உள்ளாயினர். தம் மக்களுக்கு அத்துன்பம் நேரலாகாது என்று கருதிய பெற்றோர், வீட்டிலும் ஆங்கிலமே பேசலாயினர். முதியோர் தம்முள் பேசும்போது மட்டும் பழைய மொழி ஒலித்தது. பிள்ளைகள் வந்ததும் பேச்சு ஆங்கிலமாக மாறியது. அன்பினால் செய்த இச்செயலே மொழியின் வேரை அறுத்தது. 1980-ஆம் ஆண்டையொட்டி, நீஹாவ் என்னும் சிறு தீவுக்கு வெளியே இம்மொழி பேசும் சிறுவரைக் காண்பது அரிதாயிற்று.

மீட்சி

1978-ஆம் ஆண்டில் ஹவாய் மொழி, ஆங்கிலத்தோடு ஆட்சிமொழி என்னும் உரிமை பெற்றது. ஆயினும் குழந்தையின் நாவில் வழங்காத மொழிக்குச் சட்டம் மட்டும் உயிரூட்ட இயலுமா? இதனை உணர்ந்த ஆசிரியர் சிலர், நியூசிலாந்தில் மாவோரி மக்கள் நடத்திய 'மொழிக்கூடு' என்னும் மழலையர் பள்ளிகளைப் பின்பற்ற முனைந்தனர். 1983-ஆம் ஆண்டில் 'பூனானா லெயோ' என்னும் அமைப்பு தோன்றிற்று. 'குரல்களின் கூடு' என்பது அதன் பொருள். அடுத்த ஆண்டில் கௌவாய்த் தீவில் அதன் முதற் பள்ளி திறக்கப்பட்டது. அங்கே விளையாட்டும் உணவும் பாட்டும் ஹவாய் மொழியிலேயே நடந்தன.

பழைய சட்டம் இன்னும் தடையாய் நின்றது. பெற்றோர் சட்டமன்றத்தை நாடி இடைவிடாது முறையிட்டனர். 1986-ஆம் ஆண்டில் தடை நீங்கிற்று. மறு ஆண்டில் அரசுப் பள்ளிகள் இரண்டில் ஹவாய் மொழிவழிக் கல்வி தொடங்கிற்று. பாடநூல்கள் போதாமையால், ஆங்கில நூல்களின் பக்கங்கள்மேல் ஹவாய் மொழிபெயர்ப்பை எழுதி ஒட்டிப் பயன்படுத்தினர். 1999-ஆம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளிக் கல்வியைத் தாய்மொழியிலேயே முடித்த முதல் மாணவர்கள் வெளிவந்தனர். இன்று ஹீலோ நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் அம்மொழியின் வாயிலாக உயர் ஆராய்ச்சியும் செய்யலாம். பழைய செய்தித்தாள்களைப் புதிய தலைமுறையினர் எடுத்துப் படிக்கின்றனர்.

இழந்தது முழுவதும் திரும்பிவிடவில்லை. இன்றும் ஹவாய் மக்களிற் பெரும்பாலோரின் அன்றாடப் பேச்சு ஆங்கிலமே. எனினும் ஒரு காலத்தில் முதியோர் பேச்சுக்குப் புறத்தே நிறுத்தப்பட்ட குழந்தைகள், இன்று அவர்களோடு அமர்ந்து 'காக்கௌ' என்கின்றனர். அச்சொல்லின் பொருள் 'நாம்' அன்றோ! மாணவர்களே, தாய்மொழியைப் பேசுவோர் உள்ளவரையில்தான் அது வாழும். அதனைப் பிழையின்றிப் பேசுவதும், விரும்பிப் படிப்பதும், இளையோர்க்குச் சொல்லித் தருவதும் நம் கடமையாகும்.