ஜீப்புக்கும் ஒரு கடற்பிரயாணம்

மூலக்கொத்தளத்திலிருந்து ராயபுரம் வழியாகக் கடற்கரைப் பக்கம் சென்று எண்ணூர் நெடுஞ்சாலையில் ஏறுகிறவர்களுக்கு, கண்டெய்னர் சுமந்த டிரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அசையாமல் நிற்கும் காட்சி புதிதல்ல. அந்த இரும்புப் பெட்டிகளுக்குள் துணியும் தோலும் இயந்திரங்களும் இருக்கும் என்பதை அறிவோம்; சென்னைத் துறைமுகத்திலிருந்தும், 2001ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திலிருந்தும் புத்தம் புதிய கார்கள் கப்பலேறி அந்நிய தேசங்களுக்குப் போகின்றன என்பதையும் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். ஆனால், அவ்வளவு சரக்குக்கும் நடுவே, எப்போதோ ஒரு பெட்டியில், கம்பெனிக்கோ வியாபாரிக்கோ சொந்தமில்லாமல், குடும்பத்தோடு வெளிநாட்டில் குடியேறப் போகும் ஒரு தனி மனிதனின் பழைய ஜீப்பும் ஏறுவதுண்டு என்பதைப் பலர் அறியமாட்டார்கள். புதிய காரை விற்கிறவனுக்கு அது ஒரு எண். இவனுக்கோ அது மனைவியின் நகைப்பெட்டிக்கும் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களுக்கும் அடுத்தபடியாக விட்டுப் பிரிய முடியாத சொத்து.

இந்த அபிமானத்தை அசட்டுத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வில்லிஸ் ஜீப்பை 1947ஆம் ஆண்டில் மகிந்திரா நிறுவனத்தார் இந்தியாவுக்குக் கொண்டுவந்த நாள் முதலாக, மலைத்தோட்டங்களிலும் வனத்துறை முகாம்களிலும் தாலுகாக் கச்சேரிகளிலும் அந்த வண்டி ஆற்றிய தொண்டு சாமானியமானதன்று. பின்னர் 1985இல் மாருதியின் ஜிப்ஸி வந்தது. 2010இல் மகிந்திராவின் தார் வந்தது. 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த அதன் புதிய உருவம், செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள அந்நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்டது என்பதில் நம் பக்கத்தவர்க்கு ஒரு பெருமிதமும் உண்டு. கொழுக்குமலைக்கு ஏறும் கரடுமுரடான கல்பாதையில் நான்கு சக்கரமும் பிடித்து இழுக்க, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிய ஒருவன், அந்த வண்டியை வெறும் உலோகமாகக் கருதுவது இயலாத காரியம்.

எனினும், அன்பு வேறு, அயல்நாட்டுச் சட்டம் வேறு. வண்டியைக் கொண்டுபோக விரும்புகிறவன் முதலில் விசாரிக்க வேண்டியது கப்பல் கூலியை அல்ல. போய்ச் சேரும் தேசம் அந்த வண்டியை ஏற்குமா என்பதைத்தான். வளைகுடாவில் துபாய்க்கோ அபுதாபிக்கோ போகிறவர், நம் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியை அங்கே பதிவு செய்ய முடியாது என்பதை அறிந்து, ஆசையை இங்கேயே அடக்கிக்கொள்வது நலம். சிங்கப்பூரில் மூன்று வயது கடந்த காருக்கு இடமில்லை. இடமிருந்தாலும், வண்டி வைத்திருக்கும் உரிமைக்கே அங்கு ஏலத்தில் தரவேண்டிய தொகை வண்டியின் விலையை மிஞ்சும். அமெரிக்காவோ, தன் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்பத் தயாரிக்கப்படாத வண்டி இருபத்தைந்து ஆண்டு பூர்த்தியானால் மட்டுமே தடையின்றி உள்ளே விடுகிறது. ஆகவே 2010ஆம் ஆண்டுத் தார் 2035 வரை காத்திருக்க வேண்டும். கனடாவில் அந்த எல்லை பதினைந்து ஆண்டு. பிரிட்டனில், பன்னிரண்டு மாதமாவது வெளியே வசித்துவிட்டு, ஆறு மாதமாவது சொந்தமாக வைத்திருந்த வண்டியோடு குடிவருகிறவருக்குச் சுங்க வரி விலக்கு உண்டு. ஆனால் அங்கே இறக்கிய பின் ஓராண்டுக்குள் விற்கக் கூடாது. ஆக, நம்மூரில் வயதானதென்று கழித்துக் கட்டும் கிழட்டு ஜீப்புக்குத்தான் பல தேசங்களில் கதவு எளிதாகத் திறக்கிறது. அழகிய புது வண்டி வாசலிலேயே நின்றுவிடுகிறது.

வடசென்னையிலிருந்து குடிபெயரும் இளைஞர்கள் நாடும் தேசங்களில் ஆஸ்திரேலியா ஒன்று. அங்கும் இடப்பக்கமே போக்குவரத்து நடப்பதால் ஸ்டியரிங் விஷயத்தில் தொல்லையில்லை. ஆனால், 2018ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்டு 2021 ஜூலையில் முழு அமலுக்கு வந்த அந்நாட்டுச் சாலை வாகனச் சட்டத்தின்படி, சொந்த உடைமையாக வண்டி கொண்டுவருகிறவர், அதை வெளிநாட்டில் குறைந்தது பன்னிரண்டு மாதம் தாமே உடைமையாக வைத்து உபயோகித்திருக்க வேண்டும். அங்கு நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமையும் நோக்கமும் உடையவராக இருக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அனுமதிக் கடிதம் கைக்கு வருவதற்கு முன் வண்டியைக் கப்பலேற்றலாகாது. அவசரப்பட்டு முன்னதாக ஏற்றியவர்களுக்கு, துறைமுகக் கிடங்கில் வாடகை ஏறிக்கொண்டே போக, கடிதத்துக்காகக் காத்திருக்க நேரிடும்.

இனி, நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். காடு மேடு சுற்றிய வண்டிக்கு முதல் விரோதி வரியுமன்று, தூரமுமன்று. அதன் வயிற்றில் ஒட்டியிருக்கும் மண்ணே. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தம் விவசாயத்தையும் காடுகளையும் அந்நியப் பூச்சி, விதை, நோய்க்கிருமி ஆகியவற்றிலிருந்து காக்கும் பொருட்டு, வந்திறங்கும் ஒவ்வொரு பழைய வண்டியையும் பரிசோதிக்கின்றன; ஒரு பிடி சேறோ, ரேடியேட்டரில் சிக்கிய புல்விதையோ கண்டால், சொந்தக்காரன் செலவில் மறுபடி கழுவச் சொல்லும்; அதிலும் தேறாவிட்டால் திருப்பியனுப்பவும் தயங்கமாட்டா. தானியக் கிடங்குகளை அழிக்கும் கப்ரா வண்டு, இரையின்றியும் இடுக்குகளில் வெகுகாலம் ஒளிந்து கிடக்க வல்லது. அதன் பொருட்டு இந்தியாவிலிருந்து போகும் கண்டெய்னர்களுக்கு ஆஸ்திரேலியா தனிக் கட்டுப்பாடுகளையே விதித்திருக்கிறது.

இது எத்தகைய வேலை என்பதை மூலக்கொத்தளத்துக்கு அருகே ஒரு சிறு பட்டறையில் கண்ணாரக் கண்டேன். மெல்போர்னுக்குப் போகவிருந்த ஒரு பழைய டீசல் ஜீப்பை நான்கு முக்காலிகளின் மேல் தூக்கி நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி வைத்திருந்தார்கள். வாட்டர் சர்வீஸில் ஏற்கெனவே கழுவப்பட்டு, வண்டி கண்ணாடி போல் மின்னிக்கொண்டிருந்தது. வயது முதிர்ந்த மெக்கானிக் அதைப் பார்த்து மயங்கவில்லை. சேஸிஸ் சட்டத்தின் துளைக்குள் ஒரு வளைந்த கம்பியை நுழைத்து அவர் சுரண்ட, செம்மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது. "தம்பி, மேலால கழுவுனா பளபளன்னு ஆயிடும், மண்ணு உள்ளல்ல குந்திகினு கீது" என்றார். "இன்னும் கழட்டணுமாண்ணா?" என்று சொந்தக்காரப் பிள்ளை கவலையோடு கேட்க, "கழட்டாம உள்ள இன்னா கீதுன்னு எப்டிப்பா தெரியும்?" என்று சொல்லிவிட்டு, ஸ்பிரிங் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடையில் இறுகிப்போன சேற்றைத் தகடு தகடாக எடுத்து ஒரு தட்டில் வைத்தார். மட்கார்டின் உள்மடிப்பு, அடித்தகட்டுக்கு மேலுள்ள இடுக்கு, ஏர்பில்டர் டப்பா, ஸ்டெப்னியின் பின்புறம், தரைவிரிப்புக்கு அடியில் நீர் வடியும் துளை என்று ஒவ்வோரிடத்திலும் ஏதோ ஒரு மலையின் மண் இருக்கத்தான் செய்தது. அந்தப் பிள்ளை அத்தட்டைப் பார்த்து, இது கொல்லிமலை, இது ஜவ்வாதுமலை என்று நிறத்தைக் கொண்டு அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தான்.

மண்ணுக்கு அடுத்த விஷயம் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். பழைய ஜீப்புகளின் பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு, என்ஜின் கேஸ்கட் முதலியவற்றில் அது இருப்பது சகஜம். ஆஸ்திரேலியா 2003ஆம் ஆண்டின் கடைசி நாளன்று கல்நாரை முற்றிலும் தடை செய்துவிட்டது. எனவே அவற்றையெல்லாம் இங்கேயே மாற்றி, மாற்றியதற்கான ரசீதையும் ஆதாரத்தையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கூடவே, உயரம் கூட்டியது, பெரிய டயர் போட்டது, பம்பரை மாற்றியது போன்ற அலங்காரங்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். தயாரிப்பாளரின் மூல அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாதென்று நம் உச்சநீதிமன்றமே 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்க, ஆர்.சி. புத்தகத்தில் ஒன்றும் நேரில் வேறொன்றுமாக இருக்கும் வண்டி இரு கரைகளிலும் சங்கடத்தையே விளைவிக்கும்.

காகித வேலை தம்புச்செட்டித் தெருவிலும் லிங்கிச்செட்டித் தெருவிலும் நடப்பது. அங்குள்ள கிளியரிங் ஏஜெண்டுகள் பரம்பரை பரம்பரையாகத் துறைமுகத்தை நம்பி வாழ்கிறவர்கள். நல்லவர் ஒருவரை நண்பர்கள் மூலம் விசாரித்துப் பிடிப்பது அவசியம். கடன் பாக்கியிருந்தால் அடைத்து, பாங்கின் பெயரை ஆர்.சி.யிலிருந்து நீக்க வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆட்சேபணையில்லை என்ற சான்று பெற வேண்டும். போலீஸ் விசாரணை எதுவும் நிலுவையில் இல்லை என்று காட்ட வேண்டும். என்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் சுங்க அதிகாரி ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுவார். துருவேறி மங்கிய எண்ணை முன்கூட்டியே பக்குவமாகத் துடைத்து வைப்பது நல்லது. அரத்தைப் போட்டுத் தேய்த்துவிட்டால், எண்ணைத் திருத்தியதாகவே சந்தேகம் எழும்.

கண்டெய்னரில் ஏற்றுவது ஒரு தனிக் கலை. இருபதடிப் பெட்டியின் உள்ளகலம் ஏறக்குறைய 2.35 மீட்டர், புதிய தாரின் அகலம் 1.82 மீட்டர். இரு பக்கமும் சேர்த்தே அரை மீட்டருக்குச் சற்று அதிகந்தான் மிஞ்சும். ஒரு பக்கத்துக்கு ஒரு சாண் போல் இடைவெளியிருக்கையில் கதவைத் திறந்து இறங்குவதெங்ஙனம்? ஆகவே, வண்டியை உள்ளே ஓட்டிச் சென்றவர் ஜன்னல் வழியாகவோ பின்கதவு வழியாகவோ ஊர்ந்து வெளிவர வேண்டும். கான்வாஸ் கூரையும் கழற்றும் கதவும் உடைய பழைய ஜீப்பு இங்கே சௌகரியம் மிக்கது. டீசல் டாங்கி ஏறக்குறைய காலியாகவும், பாட்டரி ஒயர் கழற்றப்பட்டும் இருக்க வேண்டும். ஓடும் என்ஜின் உடைய வண்டியைக் கடல்சார் விதிகள் அபாயச் சரக்குகளின் வரிசையிலேயே சேர்த்திருக்கின்றன. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் மரக்கட்டையில்கூட, உள் வெப்பம் 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடேற்றப்பட்டதையோ மருந்துப் புகை ஏற்றப்பட்டதையோ காட்டும் சர்வதேச முத்திரை இருந்தாக வேண்டும். பட்டறையில் கிடக்கும் ஏதோ ஒரு கட்டையைச் செருகினால், வண்டி தேறியும் கட்டை தேறாது போய்விடும்.

கண்டெய்னரில்லாமல், வண்டிகளை நேரே ஓட்டி ஏற்றும் ரோரோ கப்பலிலும் அனுப்பலாம். ஆனால் அதில் வண்டிக்குள் வேறு சாமான் எதுவும் வைக்க விடமாட்டார்கள். எதில் அனுப்பினாலும் கடல் இன்ஷூரன்ஸில் கஞ்சத்தனம் கூடாதென்பது என் திடமான அபிப்பிராயம். 2022 பிப்ரவரியில் ஏறக்குறைய நாலாயிரம் கார்களுடன் அட்லாண்டிக்கில் தீப்பிடித்த பெலிசிட்டி ஏஸ் என்ற கப்பல், மார்ச் மாதம் முதல் தேதி கடலில் மூழ்கியே போயிற்று. இதைவிடப் பலர் அறியாத விஷயம் ஒன்றுண்டு: கப்பலைக் காக்கும் பொருட்டுச் செய்யப்படும் அசாதாரணச் செலவையும் நஷ்டத்தையும் அதிலுள்ள சரக்குக்காரர் அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டுமென்பது கடல் வாணிபத்தின் புராதன நியதி. 2021இல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிய எவர்கிவன் கப்பலின் விஷயத்தில் அந்த நியதியே பிரயோகிக்கப்பட்டது. உன் ஜீப்பில் ஒரு கீறல்கூட விழாதிருந்தும், உன் பங்கைக் கட்டாமல் அதை எடுக்க முடியாது போகலாம்; முறையான பாலிசி இருந்தால் அந்தப் பாரத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏற்கும்.

இவ்வளவு பிரயாசையும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, இதே சென்னைத் துறைமுகம் கண்ட வேறொரு குடிப்பெயர்ச்சியை நினைவூட்ட விரும்புகிறேன். 1964இல் பர்மாவில் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாக்கப்பட்டபின், லட்சத்துக்கு மேற்பட்ட தமிழர், தலைமுறைகளாகச் சேர்த்த வீடு வாசல், வண்டி வாகனம் அத்தனையையும் விட்டுவிட்டுக் கப்பலேறித் தாயகம் வந்தனர். நகையையும் பணத்தையும் கூட அங்கே சுங்கத்தார் முழுமையாகக் கொண்டுவர விடவில்லை. வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியமர்ந்து, கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜாரில் மறுபடி முதலிலிருந்து தொடங்கிய அவர்களில் எவருக்கும், எதைக் கொண்டுவருவது என்று தேர்ந்தெடுக்கும் பாக்கியம் வாய்த்ததில்லை. அவர்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் ஒருவன், தன் விருப்பப்படி புறப்பட்டு, தன் ஜீப்பையும் உடன் கொண்டுபோகிறான் என்றால், அதை நான் ஆடம்பரமாக எண்ணவில்லை.

ஆனால் ஒன்று. இது பெரும்பாலும் ஒருவழிப் பயணம். நம் இறக்குமதி விதிப்படி, தயாரித்து மூன்றாண்டுக்கு மேற்பட்ட பழைய வண்டியைச் சாதாரணமாக இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது. தகுதியுள்ள பழைய வண்டியும் மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். வரியோ வண்டியின் விலைக்கு மேலாகவே போகும். இங்கிருந்து சென்ற பொருளைத் திரும்பக் கொணரச் சலுகை உண்டெனினும் அதற்கும் காலவரம்பு உண்டு. நாலைந்து வருஷத்தில் திரும்பிவிடும் எண்ணமுள்ளவர் வண்டியை அண்ணன் தம்பியிடம் ஒப்படைத்துப் போவதே உசிதம். அப்படி ஒப்படைக்கும்போது வாய்ச்சொல்லோடு நிற்காமல், ஆர்.சி.யில் பெயரை முறைப்படி மாற்றி, இன்ஷூரன்ஸையும் அவர் பெயருக்கே எழுதிவிட வேண்டும். ஏனெனில், பதினைந்தாண்டு முடிந்தபின் ஐந்தாண்டுக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்க வண்டியை அலுவலகத்தில் நேரில் காட்டியாக வேண்டியிருக்கிறது. சொந்தக்காரர் சிட்னியிலும் வண்டி மூலக்கொத்தளத்திலுமாக இருந்தால், அந்தக் கையெழுத்தை யார் போடுவது என்ற கேள்விக்குப் புறப்படும் முன்பே விடை கண்டுவிடுவது நல்லது.