ஊரைக் கேட்டு ஊர் அமைப்போம்

வீடு கட்டப் புகுவோர் முதலில் என்ன செய்கின்றனர்? வீட்டிலுள்ளோரைக் கேட்கின்றனர். அடுப்பங்கரை எந்தப் பக்கம் இருந்தால் புகை தங்காது என்பதைத் தாயார் சொல்கிறார். இரவில் எழுந்து நடக்கும் பாட்டனாருக்குக் கழிவறை அருகில் வேண்டும். பிள்ளைகளுக்குப் படிக்க வெளிச்சமான ஒரு மூலை வேண்டும். இவற்றையெல்லாம் கேட்டறிந்த பின்னரே கொத்தனார் நூல் பிடிக்கிறார்.

ஒரு குடும்பம் வாழும் வீட்டிற்கே இத்தனை கலந்தாலோசனை தேவையெனில், இலட்சக்கணக்கானோர் வந்து போகும் நகரின் மையப் பகுதியை அமைப்பதற்கு எத்தனை பேரைக் கேட்க வேண்டும்! ஆயினும் பெரும்பாலான ஊர்களில் வரைபடம் முதலில் முடிந்து விடுகிறது. மக்களுக்குச் செய்தி பிறகுதான் வருகிறது.

இந்த வழக்கத்தை ஒரு நகரம் தலைகீழாக மாற்றிப் பார்த்தது. அது நியூசிலாந்து நாட்டின் கிறைஸ்ட்சர்ச். 2019 மார்ச் 15 அன்று அங்குள்ள இரு பள்ளிவாசல்களில் 51 பேர் ஷஹீதாக்கப்பட்ட துயரத்தால், அந்நகரின் பெயர் நம் இல்லங்கள்தோறும் அறியப்பட்டது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே அந்நகர் வேறொரு பேரிடரைச் சந்தித்திருந்தது. அதிலிருந்து அது எழுந்த கதையில் எல்லா ஊர் மக்களுக்கும் படிப்பினை உண்டு.

மண்ணில் சாய்ந்த மையம்

2011 பிப்ரவரி 22, செவ்வாய்க்கிழமை, பகல் 12.51 மணி. அலுவலகங்களில் இருந்தோர் மதிய உணவுக்கு எழுந்து கொண்டிருந்த நேரம். பூமி சில விநாடிகள் குலுங்கியது. 185 உயிர்கள் பறிபோயின. அவர்களுள் 115 பேர் இடிந்து விழுந்த ஒரே கட்டடத்தில் மாண்டவர்கள்.

நகரின் மையப் பகுதி முழுவதும் தடுப்பு வேலிகளால் அடைக்கப்பட்டது. கடை வைத்திருந்தவர் தம் கடைக்குள் சென்று கணக்குப் புத்தகத்தை எடுத்து வரவும் இயலவில்லை. விரிசல் கண்டு நின்ற கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடித்தகற்றப்பட்டன. இவ்வாறு மறைந்தவை மையப் பகுதியில் மட்டும் ஆயிரத்திற்கும் மேல். கடைசித் தடுப்பு வேலி அகற்றப்பட்டது 2013 ஜூன் இறுதியில்தான். இரண்டாண்டுகளுக்கும் மேலாக ஒரு நகரின் இதயத்திற்குள் அதன் மக்களே நுழைய முடியாதிருந்தது!

வெற்று மனைகளாகக் கிடந்த அந்த நிலப்பரப்பில் இனி என்ன எழ வேண்டும்? யார் அதைத் தீர்மானிப்பது? இவையே கேள்விகள்.

ஆறு வாரங்களில் ஓர் இலட்சம் யோசனைகள்

2011 ஏப்ரலில் நியூசிலாந்து நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டம் இயற்றியது. மையப் பகுதிக்கான மீட்புத் திட்டத்தின் வரைவைத் தயாரிக்கும் பொறுப்பு மாநகர மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கொடுக்கப்பட்ட அவகாசம் ஒன்பது மாதங்கள். அவசரத்தைக் காரணம் காட்டி, நிபுணர்கள் சிலரை ஓர் அறையில் அமர்த்தி வேலையை முடித்திருக்கலாம். மாநகர மன்றம் அவ்வாறு செய்யவில்லை. மே மாதத்தில், 'ஒரு யோசனை தாருங்கள்' என்னும் பொருள்படும் இயக்கம் ஒன்றைத் தொடங்கியது.

நடமாட்டம், வணிகம், பொதுவெளி, வாழ்க்கை என நான்கு தலைப்புகள் மக்கள் முன் வைக்கப்பட்டன. 'இந்தத் திட்டம் வேண்டுமா, வேண்டாமா?' என்ற கேள்வியே எழவில்லை. ஏனெனில் அப்போது திட்டம் என்று எதுவும் வரையப்படவில்லை. 'எப்படி வந்து போக விரும்புகிறீர்கள்? எங்கே அமர விரும்புகிறீர்கள்? மாலை நேரத்தில் அங்கே என்ன இருக்க வேண்டும்?' என்பன போன்றவையே பேச்சுக்கு வந்தன.

அம்மாதத்தின் நடுவில், ஒரு சனி, ஞாயிறு நாட்களில் பெரிய அரங்கொன்றில் மக்கள் கூடினர். வந்தவர் பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர். வண்ணத் துண்டுத் தாள்களில் தம் எண்ணங்களை எழுதிச் சுவர்களில் ஒட்டினர். குழந்தைகள் விளையாட்டுக் கட்டைகளை அடுக்கித் தாம் விரும்பும் நகரைக் கட்டிக் காட்டினர். நேரில் வர இயலாதவர்கள் இணையத்தின் வாயிலாகவும் எழுத்து மூலமாகவும் தெரிவித்தனர். ஆறு வாரங்களில் சேர்ந்த யோசனைகள் 1,06,000. அன்று அந்நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 3,70,000 என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். தம் வீட்டுச் சுவரே விரிசலுற்று நிற்கையில், நில அதிர்வுகள் இன்னும் ஓயாதிருக்கையில், அம்மக்கள் ஊரின் எதிர்காலத்தை எண்ணி எழுதினர்.

குவிந்தவற்றைப் படித்து வகைப்படுத்துவதும் சிறிய வேலையன்று. டென்மார்க்கைச் சேர்ந்த புகழ்பெற்ற நகரமைப்பு அறிஞர் யான் கேலின் குழுவினர் இப்பணிக்குத் துணை நின்றனர். மக்களின் விருப்பங்கள் வியக்கத்தக்க அளவில் ஒத்திருந்தன. வானளாவும் கட்டடங்கள் வேண்டாம். நிலம் அதிர்ந்தாலும் அஞ்சாமல் இருக்கத்தக்க தாழ்ந்த கட்டடங்கள் போதும். நகரின் நடுவே ஓடும் ஏவன் ஆற்றின் கரை மக்களுக்கு உரியதாக வேண்டும். மரங்கள் வேண்டும். நடந்தும் மிதிவண்டியிலும் அச்சமின்றிச் செல்ல வழி வேண்டும். மாலையில் பூட்டிவிட்டுப் போகும் அலுவலகங்கள் மட்டுமின்றிக் குடும்பங்களும் அங்கே வாழ வேண்டும்.

மண்ணின் தாங்குதிறனைப் பொறியாளர் அளந்து சொல்வார். ஆனால் எந்தத் திருப்பத்தில் விளக்கில்லாமையால் பெண்கள் தயங்குகின்றனர் என்பதை அங்கு நடப்பவரே அறிவர். எந்த நேரத்தில் எந்தத் தெருவில் வாடிக்கையாளர் வருகின்றனர் என்பதைக் கடைக்காரர் அறிவார். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஏற முடியாத படிக்கட்டு எது என்பதைத் தாய் அறிவார். இவ்விரு அறிவும் ஒன்று சேராமல் நல்ல நகரம் அமையாது.

2011 ஆகஸ்டில் வரைவுத் திட்டம் வெளியாயிற்று. அதன் மீதும் மக்கள் எழுத்து மூலம் கருத்துரைத்தனர். நேரில் தோன்றியும் பேசினர். திருத்தங்களுக்குப் பின் டிசம்பரில் அது அரசிடம் ஒப்படைக்கப்பட்டது.

நூறு நாள் வரைபடம்

இனிமேல்தான் கதையின் கசப்பான பகுதி. 2012 ஏப்ரலில், பூகம்ப மீட்புத் துறை அமைச்சர் ஜெர்ரி பிரவுன்லீ ஓர் அறிவிப்புச் செய்தார். மையப் பகுதியின் மறுநிர்மாணத்தை நடத்தப் புதிய அரசு அலகு ஒன்று அமைக்கப்படும். அது நூறு நாட்களில் விரிவான வரைபடம் ஒன்றைத் தயாரிக்கும் என்றார். அவ்வாறே ஜூலை 30 அன்று வரைபடம் வெளியிடப்பட்டது. அதன் மீது பொதுமக்களின் கருத்துக் கேட்கப்படவில்லை. போக்குவரத்து பற்றிய அத்தியாயம் பின்னர் மக்கள் கருத்துக்கு விடப்பட்டது.

அரசின் வாதத்தையும் நாம் நேர்மையுடன் எடுத்துரைக்க வேண்டும். முதலீடு செய்வோருக்கு உறுதி வேண்டும். எந்த மனையில் எது வரும் என்பது தெரியாமல் யாரும் பணம் போடமாட்டார்கள். பெரும் செலவை ஏற்கும் மத்திய அரசுக்குத் தீர்மானிக்கும் பொறுப்பும் உண்டு என்பன அவ்வாதங்கள். மக்கள் சொன்னவற்றுள் பல புதிய வரைபடத்திலும் இடம்பெற்றன. ஆற்றங்கரைப் பூங்கா இருந்தது. கட்டடங்களின் உயரம் பொதுவாக ஏழு மாடி அளவுக்குள் நின்றது.

ஆயினும் சில விட்டுப் போயின. மாநகர மன்றம் முன்மொழிந்த இலகு இரயில் பாதை கைவிடப்பட்டது. பெரிய மாநாட்டு மண்டபமும் விளையாட்டரங்கும் முன்னணிக்கு வந்தன. அவற்றிற்காகவும், மையத்தைச் சுற்றி அமைந்த பசுமைச் சட்டகத்திற்காகவும் தனியார் மனைகள் கையகப்படுத்தப்பட்டன. விற்க விரும்பாதவருக்கும் சட்டம் வேறு வழி வைக்கவில்லை. கடைத்தெருவாகக் குறிக்கப்பட்ட பகுதியில் குறைந்தது 7,500 சதுர மீட்டர் பரப்புக்கு ஒட்டுமொத்தத் திட்டம் தர வேண்டும் என்று விதிக்கப்பட்டது. தலைமுறைகளாகச் சிறிய மனையில் ஒற்றைக் கடை நடத்தியவர் அத்தனை பரப்புக்கு எங்கே போவார்? பக்கத்து மனைக்காரர்களுடன் சேர வேண்டும். இல்லையேல் விற்றுவிட்டுச் செல்ல வேண்டும்.

விரைவுக்காகவே நூறு நாள் என்றனர். ஆனால் மாநாட்டு மண்டபம் திறக்கப்பட்டது 2021 டிசம்பரில். வரைபடம் வெளியாகி ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பின்னர்! இதற்கிடையில் மையத்தை விட்டுப் புறநகர்களுக்குச் சென்ற பல கடைகளும் அலுவலகங்களும் அங்கேயே வேர்விட்டு விட்டன. எல்லாக் காலதாமதத்திற்கும் மக்களைக் கேளாமையே காரணம் என்று கூறுவது நியாயமாகாது. காப்பீட்டுச் சிக்கலும் பணச் சிக்கலும் உண்டு. ஆனால் மக்களைக் கேட்பதால்தான் தாமதம் நேருகிறது என்று எங்கும் சொல்லப்படும் சாக்குக்கு இங்கே ஆதாரமில்லை. கேட்பதற்கு ஆன காலம் ஆறு வாரம். கட்டுவதற்கு ஆன காலமோ பல்லாண்டுகள்.

கேட்டது வீண் போகவில்லை

எனினும் அந்த ஓர் இலட்சம் குரல்களும் காற்றில் கரைந்து விடவில்லை. அரசின் வரைபடத்திற்காகக் காத்திராமலே மக்கள் சிலவற்றைத் தொடங்கி விட்டனர். 2011 அக்டோபரிலேயே, சரக்குக் கப்பல்களில் ஏற்றும் இரும்புப் பெட்டகங்களைக் கொண்டு தற்காலிகக் கடைத்தெரு ஒன்று எழுந்தது. 'இடைவெளி நிரப்புவோர்' என்னும் பொருள் தரும் பெயர் கொண்ட தொண்டமைப்பினர், காலி மனையில் பழைய குளிர்பதனப் பெட்டியொன்றை நிறுத்தி அதைப் புத்தகப் பரிமாற்ற நிலையமாக்கினர். ஒரு புத்தகத்தை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துச் செல்லலாம்.

குழந்தைகளின் யோசனைகளும் உரிய இடம் பெற்றன. பெரியதொரு விளையாட்டுப் பூங்காவை வடிவமைப்பதற்காக ஆரம்பப் பள்ளி மாணவர்களிடையே போட்டி நடத்தப்பட்டது. சிறுவர் இலக்கிய எழுத்தாளர் மார்கரெட் மாஹியின் பெயரில் 2015 டிசம்பரில் அப்பூங்கா திறக்கப்பட்டது. 2018 அக்டோபரில் தூராங்கா என்னும் மைய நூலகம் திறக்கப்பட்டது. அதற்கும் முன்னதாகவே மக்களின் யோசனைகள் கேட்கப்பட்டிருந்தன. ஏவன் ஆற்றங்கரை நெடுகிலும், அம்மண்ணின் பூர்வ குடிகளான மாவோரி மக்களின் பாய் நெசவை ஒத்த வேலைப்பாட்டுடன் 13 கல் தளங்கள் பதிக்கப்பட்டன. வருவோரை வரவேற்க விரிக்கும் பாய்கள் அவை. அவர்களும் கலந்து வடிவமைத்ததால் வந்த அழகு அது.

இவற்றால் நாம் பெறும் முடிவு ஒன்றுதான். மக்களைக் கேட்பது ஓர் அமானிதத்தை வாங்கிக்கொள்வது போன்றது. வாங்கியவர் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர். எந்த யோசனையை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்று கேட்டவர்களிடமே திரும்பி வந்து கூற வேண்டும். கிறைஸ்ட்சர்ச்சில் முதற் பாதி சிறப்பாக நடந்தது; கணக்குக் கூறும் மறு பாதியில்தான் குறை நேர்ந்தது.

நம் கையிலிருக்கும் உரிமை

இதைப் படிக்கும் தாய்மார்கள், 'எங்கோ ஓர் ஊரில் நடந்தது. நம்மை யார் கேட்கப் போகிறார்கள்?' என்று எண்ணக் கூடும். நம் சட்டங்களிலும் இதற்கு வழி இருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டத்தின்படி, முழுமைத் திட்டம் ஒன்று தயாரிக்கப்படும்போது அதைப் பற்றி அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் கேட்க வேண்டும். அதற்குக் கொடுக்கப்படும் காலம் இரண்டு மாதங்களுக்குக் குறையலாகாது. 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்றது. வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் தமிழகத்தில் 2022-இல் வகுக்கப்பட்டன.

சட்டம் கதவைத் திறந்து வைக்கும். உள்ளே நுழைய வேண்டியவர்கள் நாமே. அறிவிப்பு வெளியான நாளில் அதைப் படிப்பவர் எத்தனை பேர்? சாலை அகலப்படுத்தக் கல் நட்ட பிறகு கூட்டம் கூடிப் பயனென்ன? இரண்டு மாத அவகாசம் இருக்கும்போதே, கடைத்தெருவில் இருப்போரும் அத்தெருவில் குடியிருப்போரும் ஒன்றாக அமர்ந்து பேசலாம். 'எதிர்க்கிறோம்' என்று ஒற்றை வரி எழுதுவதைக் காட்டிலும், எந்தத் தெருவில், எந்த இடத்தில், எது வேண்டும், ஏன் வேண்டும் என்று எழுதினால் அதற்குப் பதிலளிக்கும் கட்டாயம் அதிகாரிக்கு ஏற்படும். எழுதியதன் நகலை வைத்திருந்து, என்ன முடிவாயிற்று என்று பின்னர் கேட்கவும் வேண்டும்.

அந்த அமர்வில் பெண்களுக்கும் முதியோருக்கும் இடமளிப்போம். சந்தைக்கு நாள்தோறும் செல்பவர் அவர்கள். நிழலில்லாத நடைபாதையின் வெப்பத்தையும், சாக்கடை மூடியின் ஆபத்தையும் அனுபவத்தில் அறிந்தவர்கள். பிள்ளைகளிடமும் ஒரு தாளைக் கொடுத்து, 'நம் கடைத்தெரு எப்படி இருக்க வேண்டும்?' என்று வரையச் சொல்லிப் பாருங்கள். நாம் காணத் தவறியதை அவர்கள் வரையக் கூடும்.

பூகம்பம் வந்து அனைத்தும் சாய்ந்த பிறகுதான் ஓர் ஊர் தன் மக்களைக் கேட்க வேண்டும் என்பதில்லை. கட்டடங்கள் நிமிர்ந்து நிற்கும்போதே கேட்கலாம். கேட்கும் பொறுப்பிலிருப்போர் கேட்கட்டும். சொல்லும் உரிமை பெற்ற நாம் காலத்தே சொல்வோம். நாளை அத்தெருக்களில் நடக்கப் போகிறவர்கள் நம் பிள்ளைகள் அல்லவா? சிந்திப்போமாக!