ஆஃபர்ல வாங்கின பிஸ்டன், ஆறு மாச இ.எம்.ஐ: பழைய கார் சொல்லித்தந்த பட்ஜெட் பாடம்

நம்ம சேனல் பார்க்கிற ஒரு நண்பருக்குத் தாத்தாவோட அம்பாசடர் கிடைச்சது. எஞ்சினைப் புதுசாக்கணும்னு ஆசை. ஆன்லைன் சேல்ல பிஸ்டன் செட் கம்மி விலைக்கு வந்ததும் கார்டுல ஆறு மாச இ.எம்.ஐ போட்டு வாங்கிட்டார். அடுத்த மாச சம்பளத்துல, வேற இடத்துல செகண்ட் ஹேண்ட் கனெக்டிங் ராட் நாலு. அதுக்கப்புறம்தான் எஞ்சினையே பிரிச்சாங்க.

ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேரல. ரிட்டர்ன் தேதியும் முடிஞ்சாச்சு. வண்டி ஓடல, இ.எம்.ஐ மட்டும் ஓடுச்சு!

எங்கே தப்பு நடந்தது?

பழைய அம்பாசடரோட 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், பிரிட்டனோட பி.எம்.சி 'பி-சீரிஸ்' குடும்பம். போர் 73.025 மி.மீ, ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. எம்.ஜி.ஏ 1500 ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே அளவுதான். அதனால "அதே எஞ்சின்தான் சார்"னு சொல்லி வித்துடுவாங்க. சிசி ஒண்ணா இருந்தா மட்டும் போதாது. நாலு விஷயம் பொருந்தணும்.

1. ஓவர்சைஸ்: தேய்ஞ்ச சிலிண்டரைக் குடைஞ்சு பெரிய பிஸ்டன் போடுவாங்க. நண்பர் வாங்கினது 40 தௌ, அதாவது ஒரு இன்ச்சை ஆயிரமாப் பிரிச்சா அதுல 40 பங்கு. பிளாக்குக்குத் தேவைப்பட்டது 20 தான். 40 போட்டா, அடுத்த ரீபோருக்கு இருந்த இடத்தை இப்பவே தின்னுடும்.

2. பின்: பிஸ்டனையும் ராடையும் இணைக்கிற கட்ஜன் பின்னை ராடே போல்ட் போட்டு இறுக்கிப் பிடிக்கலாம், பிரஸ் பண்ணி ஏத்தலாம், இல்ல ராடுல புஷ் வச்சு, பிஸ்டன்ல சர்க்ளிப் போட்டு சும்மா சுழல விடலாம். இவர் ராட் முதல் வகை, பிஸ்டன் மூணாவது வகை. பின்னோட தடிமனும் வேற.

3. உயரம்: ஸ்ட்ரோக்ல பாதி (44.45 மி.மீ) + ராட் நீளம் + பின் மையத்துலேருந்து பிஸ்டன் மேல்மட்டம் வரைக்கும் உள்ள உயரம். இந்தக் கூட்டல் கிராங்க் மையத்துலேருந்து பிளாக்கோட மேல்மட்டம் வரைக்கும் உள்ள தூரத்துக்குள்ள அடங்கணும். மிஞ்சினா பிஸ்டன் பிளாக்குக்கு மேல எட்டிப் பார்த்து ஹெட்டுல இடிக்கலாம். ரொம்பக் குறைஞ்சா கம்ப்ரஷன் போச்சு.

4. எடை: நாலு பிஸ்டனும் ஒரே எடை, நாலு ராடும் ஒரே எடை. ராடோட பெரிய முனை, சின்ன முனையைத் தனித்தனியா நிறுக்கணும். இந்த எஞ்சின் 4000 ஆர்.பி.எம்ல ஓடும்போது, பிஸ்டன் உச்சியில திரும்புற நொடியில 10 கிராம் வித்தியாசம் கிட்டத்தட்ட 10 கிலோ விசையா மாறும். ஒவ்வொரு சுத்துக்கும் அந்த அடி பேரிங்குக்குத்தான்.

சரியான வரிசை

முதல்ல எஞ்சினைப் பிரிச்சு, லேத் பட்டறையில சிலிண்டரையும் ராடையும் அளந்து எழுதி வாங்குங்க. ராட் வளைஞ்சிருக்கான்னும் பாருங்க. அந்த அளவுக்கு முழு செட்டா ஒரே கடையில பிஸ்டன் வாங்குங்க. கைக்கு வந்ததும், ரிட்டர்ன் தேதிக்குள்ளேயே அளந்து, நிறுத்துப் பாருங்க. அதுக்கப்புறம்தான் போரிங். பிஸ்டனுக்கு ஏத்தபடிதான் சிலிண்டரைக் குடையணும். குடைஞ்ச இரும்பு திரும்ப வராது!

இப்ப நம்ம கணக்கு

இந்த வேலைக்கு 60,000 ரூபாய் ஆகும்னு ஒரு உதாரணத்துக்கு வச்சுக்குவோம். மாசம் 5,000 ரூபாய் தனி ஆர்.டி போட்டா ஒரு வருஷத்துல ரெடி. அதே தொகையை 14% வட்டியில ஒரு வருஷ பெர்சனல் லோனா எடுத்தா, வட்டி மட்டும் சுமார் 4,650 ரூபாய். எமர்ஜென்சி ஃபண்ட்ல மட்டும் கை வைக்காதீங்க. தாத்தா கார் எவ்வளவு பாசமா இருந்தாலும் அது எமர்ஜென்சி இல்ல.

பட்ஜெட்டுக்கு மேல ஒரு 25% சேர்த்து வையுங்க. பழைய எஞ்சினைப் பிரிச்சா உள்ளே என்ன இருக்கும்னு யாருக்கும் தெரியாது.

நண்பர் அந்த பிஸ்டன் செட்டை நஷ்டத்துக்கு வித்துட்டு, இப்போ ஆர்.டி போட ஆரம்பிச்சிருக்கார். நீங்களும் ஆஃபரைப் பார்த்து அவசரப்பட்டு வாங்கின அனுபவம் இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்!