அயலவர் பார்க்காத ஓவியம்

இந்த இலக்கியத் தொடரில் கவிதை பற்றியும் சிறுகதை பற்றியும் பலர் பேசியிருக்கிறார்கள். ஓவியத்தைப் பற்றி வானொலியில் பேசுவது சற்று விசித்திரமான காரியந்தான். கண்ணுக்குக் காட்ட வேண்டியதைக் காதுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆயினும் "இன்றைய ஓவியம் எங்களுக்கு விளங்குவதில்லையே" என்று கேட்கும் அன்பர்களுக்கு ஓர் ஓவியன் பதில் சொல்லியே ஆகவேண்டும். அந்தப் பேச்சின் எழுத்து வடிவமே இக்கட்டுரை. விளங்காமைக்கு ஓவியம் மாத்திரம் காரணமன்று. அது எங்கே, யார் முன்னிலையில் வைக்கப்படுகிறது என்பதும் ஒரு காரணம் என்பது என் துணிபு. அதனை என் அனுபவத்தைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

நான் கலைக் கல்லூரியில் பயின்றவனல்லன். கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். 1979இல், எனது 17ஆவது வயதில், புறக்கோட்டையில் பெயர்ப்பலகை எழுதும் பட்டறை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தேன். சோக்கினாற் கோடு போடுவதும், எழுத்தின் வயிற்றையும் வாலையும் அளவு பிசகாமல் வளைப்பதும் எனக்குக் கிடைத்த ஓவியப் படிப்பு. நான்காம் குறுக்குத் தெருவின் மொத்த வியாபாரக் கடைகளுக்கும், கெய்சர் வீதியின் புடவைக் கடைகளுக்கும் எழுதினோம். 1983 ஜூலை 25ஆம் திகதி அந்தப் பலகைகளிற் பல கடைகளோடு சேர்ந்து எரிந்தன. அதன் பின்னர் எங்கள் பட்டறைக்கு வேலை குறையவில்லை, கூடிற்று. ஆனால் முன்பிருந்த பெயரையே திரும்ப எழுதச் சொன்னவர்கள் சிலரே. வேறு பலர், யாருடைய கடை என்று பார்த்தவுடன் தெரியாத ஒரு பெயரைக் கேட்டார்கள். நானும் எழுதிக் கொடுத்தேன்.

அது பல ஆண்டுகளாக என் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. 2016இல் அந்தப் பழைய பலகைகளை நினைவிலிருந்து திரும்ப எழுதத் தொடங்கினேன். 40 பலகைகள். 31இல் பெயர்கள் வந்தன. 9 பலகைகளில் கடையின் இடம் நினைவிருந்தது, பெயர் வரவில்லை. அவற்றை நிறம் மாத்திரம் பூசி வெறுமையாக விட்டேன். தெருவில் இருந்த வரிசைப்படியே அவற்றைத் தொங்கவிட்டு, கீழே சாக்குகளை அடுக்கினேன். இப்படிப் பொருட்களை ஓர் இடத்தில் அமைத்து, பார்ப்பவரை அதனூடாக நடக்கவிடும் கலையைத்தான் இன்று நிர்மாணக் கலை என்கிறார்கள்.

முதலில் அதனைக் கொழும்பு 7இல் உள்ள ஒரு மண்டபத்தில் வைத்தேன். நல்ல வெளிச்சம், வெள்ளைச் சுவர், குளிரூட்டி. வந்தவர்கள் கண்ணியமானவர்கள். மெதுவாக நடந்தார்கள், நிறச் சேர்க்கையைப் பாராட்டினார்கள், வெறும் பலகைகளின் மௌனம் பற்றி அழகாகப் பேசினார்கள். ஒருவர்கூட "இது பிழை" என்று சொல்லவில்லை. அப்போது அதனைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

நமது நவீன ஓவியம் அந்த வட்டாரத்திலேயே வளர்ந்தது என்பது வரலாறு. 1943இல் லயனல் வென்ட்டைச் சுற்றி உருவான '43 குழு', அதுவரை இங்கு கோலோச்சிய ஆங்கிலக் கல்விமுறை ஓவியத்தை உதறித் தள்ளியது. ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல போன்றோர் உலக ஓவியத்தையும் உள்ளூர் மரபையும் இணைத்துப் புதுவழி கண்டனர். 1944இல் வென்ட் மறைந்த பின்னர் அவர் பெயரால் கில்ட்போர்ட் கிரெசென்டில் எழுந்த கலையரங்கம் இன்றும் கண்காட்சிகளுக்குப் பெயர்போனது. தேசிய கலாபவனம் அமைந்துள்ள வீதியோ நம்மவரான ஆனந்த குமாரசுவாமியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவ்வீதியோரத்தில் 1993 முதல் நடந்துவரும் 'கலா பொல' என்னும் ஓவியச் சந்தை, மண்டபக் கதவைத் திறக்கத் தயங்குபவர்களையும் படங்களுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. இவை யாவும் நன்றியோடு நினைக்கத்தக்கவை.

ஆனால் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். புறக்கோட்டையிலிருந்து 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் அந்த வட்டாரத்துக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகாது. எனினும் நான்காம் குறுக்குத் தெருவில் மூட்டை சுமக்கும் ஒரு நாட்டாமிக்கு அது வெகுதூரம். கண்ணாடிக் கதவு ஒரு தூரம். வாயிலில் நிற்கும் காவலாளி ஒரு தூரம். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய விளக்க அட்டை இன்னொரு தூரம். காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஆறு மணிக்கு மூடினால், அவர் வேலை செய்யும் நேரமும் அதுவே. இத்தனை தூரத்தையும் வைத்துவிட்டு, "நமது மக்களுக்கு ரசனை இல்லை" என்று குறைகூறுவது நியாயமாகாது.

2018இல் அதே 40 பலகைகளையும் ஐந்துலாம்புச் சந்திக்கு அண்மையில், பழைய கிட்டங்கி ஒன்றின் மேல்மாடியில் தொங்கவிட்டேன். விளக்கத்தை மூன்று மொழிகளிலும் எழுதினேன். கடைகள் மூடியபின் இரவு ஒன்பது மணிவரை திறந்து வைத்தேன். முதல் நாள் எவரும் வரவில்லை. இரண்டாம் நாள் மாலை, 75 வயது மதிக்கத்தக்க ஒரு நாட்டாமி தோளில் துண்டோடு ஏறி வந்தார். பலகைகளைப் பார்க்கவில்லை, படித்தார். ஒன்றின் கீழ் நின்று சிறிது நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது பிழை" என்றார்.

"எது ஐயா பிழை?" என்று கேட்டேன்.

"இந்தப் போர்டு செவப்பு இல்ல. பச்சை. பத்து வருசம் இதுக்குக் கீழதான் மூட்டை எறக்கினேன். எனக்குத் தெரியாதா?"

அந்தப் பலகை நான் பட்டறைக்குச் சேருமுன்பே எழுதப்பட்டது. எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் அந்தச் சிவப்பை நான் சும்மா பூசவில்லை. இருபுறமும் இருந்த மங்கல் மஞ்சளுக்கு நடுவே அந்தச் சிவப்பு இருந்தால்தான் முழு வரிசையும் எழுந்து நிற்கும். கொழும்பு 7இல் பலரும் பாராட்டியதும் அந்த இடத்தைத்தான். பச்சையைப் பூசினால் அமைப்புக் கெட்டுவிடும். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அழகா, அவர் சொன்ன உண்மையா? விடிந்ததும் பச்சையைப் பூசினேன். அமைப்புக் கெட்டது உண்மைதான். ஆனால் மாலையில் அவர் இன்னும் நால்வரைக் கூட்டிக்கொண்டு வந்து, அந்தப் பச்சையைச் சுட்டிக்காட்டி, அந்தக் கடை முதலாளி தீபாவளிக்கு என்ன கொடுப்பார் என்று சொல்லத் தொடங்கினார். அதற்குப் பிறகு ஆட்கள் வருவது நிற்கவில்லை.

வெறும் பலகைகளுக்கு அருகில் ஒரு சோக் பெட்டியை வைத்தேன். நாலாம் நாள் சிங்கள வியாபாரி ஒருவர் வந்தார். வெறும் பலகை ஒன்றின் முன் நின்று, அது தமது தந்தையாரின் கடைக்கு அடுத்த கடை என்றார். பிறகு அந்தத் தமிழ்க் கடையின் பெயரைச் சிங்கள எழுத்தில், சோக்கினால், மெதுவாக எழுதினார். ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார். அதனை நான் தமிழில் மாற்றி எழுதவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.

இவர்களில் எவரும் "விளங்கவில்லை" என்று சொல்லவில்லை என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். வெசாக் காலத்தில் புறக்கோட்டையில் எழும் மின்விளக்குப் பந்தலின் முன் ஆயிரக்கணக்கானோர் நின்று, ஒவ்வொரு படமாகப் பார்த்துக் கதையைத் தொடர்கிறார்கள். செட்டியார் தெருவிலிருந்து ஆடிவேல் புறப்படுகையில் தேரின் அலங்காரத்தையும் அது செல்லும் பாதையையும் சேர்த்தே பார்க்கிறார்கள். வாசலில் வைத்த நிறைகுடம் வெறும் குடம் அன்று என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். பொருளை இடத்தோடு சேர்த்துப் படிக்கும் பழக்கம் நமக்குப் புதியதன்று. சமகாலக் கலை கேட்பதும் அந்தப் பழக்கத்தைத்தான்.

நமது நாட்டின் முக்கியமான சமகாலப் படைப்புகள் இந்தத் தெளிவிலிருந்தே பிறந்திருக்கின்றன. யுத்த காலத்தில் கொழும்பு வீதிகளில் சோதனைச் சாவடி தோறும் உருமறைப்பு வர்ணம் பூசிய பரல்கள் நின்றதை நாம் மறக்க முடியாது. சந்திரகுப்த தேனுவர அந்தப் பரலையே கலைப்பொருளாக்கி, 1997இல் 'பரலிசம்' என்று கேலியாகப் பெயருமிட்டார். அதனை விளங்கிக்கொள்ள ஐரோப்பியக் கலை வரலாறு தேவையில்லை. அடையாள அட்டையை நீட்டியபடி அந்தப் பரலுக்கு அருகில் ஒருமுறை நின்றிருந்தாற் போதும்.

யாழ்ப்பாணத்தில் தா. சனாதனன் செய்தவை இன்னும் நெருக்கமானவை. எரியூட்டப்பட்டு மீளக் கட்டப்பட்ட யாழ். பொது நூலகத்தில் 2004இல், யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றிடமிருந்து பெற்ற அன்றாடப் பொருட்களை அவர் காட்சிப்படுத்தினார். 2011இல் வெளியான அவரது தோம்பு நூலில், இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து கீறியிருக்கிறார்கள். அதனோடு கட்டடக் கலைஞர் வரைந்த படமும், சனாதனனின் ஓவியமும் சேர்கின்றன. ஒல்லாந்தர் காணிகளைப் பதிந்த ஏடு தோம்பு. இங்கே காணியைப் பதிகிறவர் அரசர் அல்லர், வீட்டை இழந்தவர். அந்தப் படம் சரியா பிழையா என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கே உரியது.

கொழும்பிலும் இதற்கு உதாரணம் உண்டு. கொம்பனித்தெருவில் தமிழ்க் குடும்பம் ஒன்று 1965இல் திறந்த றியோ திரையரங்கும், அதன் பக்கத்தில் எழுந்த ஹோட்டலும் 1983இல் தாக்கப்பட்டன. கரி படிந்த அந்தக் கட்டடத்தினுள்ளேயே 2015இலும் 2019இலும் 'கொழும்புஸ்கோப்' கலைவிழா நடந்தது. அங்கே சுவரே முதற் கண்காட்சிப் பொருளாக இருந்தது. 2019 டிசெம்பரில் தொடங்கிய இலங்கை நவீன மற்றும் சமகாலக் கலை அருங்காட்சியகம் தனது விளக்கங்களை மூன்று மொழிகளிலும் தருகிறது. இது சிறிய காரியமாகத் தோன்றலாம். தன் மொழியில் ஓர் அட்டையைக் காண்பவருக்கே அதன் பெறுமதி தெரியும்.

என் நண்பர் ஒருவர், அவரும் ஓவியரே, என்னைக் கண்டித்தார். "நாட்டாமி சொன்னபடி நிறத்தை மாற்றினால் நீ ஓவியன் அல்ல, பழையபடி போர்ட் எழுதுகிறவன்தான். நாளை ஒருவர் வந்து மயில் வரையச் சொன்னால் வரைவாயா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வரையமாட்டேன். ரசிகர் விரும்புவதைக் கொடுப்பது வேறு, அறிந்தவர் திருத்துவதைக் கேட்பது வேறு. மயில் கேட்பவர் என் கண்ணைத் தன் வசமாக்க முயல்கிறார். பச்சை என்று சொன்னவரோ, நான் எடுத்துக்கொண்ட விடயத்தில் என்னைவிட அதிகம் அறிந்தவர். அவருடைய வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டுவிட்டு, அவர் வராத இடத்தில் மாத்திரம் வைத்துப் பாராட்டுப் பெறுவது எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது.

உள்ளூரில் காட்டுவதென்றால் சிறிய இடத்தில், சிறிய அளவில் காட்டுவது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. நம்மைத் திருத்தக்கூடியவர்கள் முன்னிலையில் படைப்பை வைப்பதே உள்ளூர்க் காட்சி. வெளிநாட்டு மண்டபத்தில் கிடைக்கும் கைதட்டலைவிட அது கடினமான பரீட்சை. இளம் ஓவியர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் இதுதான்: பெரிய மண்டபங்களுக்கும் போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஒருமுறையாவது உங்கள் தெருவில், உங்கள் அயலவருக்கு வசதியான நேரத்தில், அவர் மொழியில் எழுதி வையுங்கள். பக்கத்தில் ஒரு சோக் பெட்டியும் இருக்கட்டும்.

வெறுமையாக விட்ட 9 பலகைகளில் 6 நிரம்பிவிட்டன. 3 இன்னும் வெறுமையாகவே இருக்கின்றன. அந்தத் தெருவை அறிந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகிறார்கள். இதை வாசிப்பவர்களில் எவராவது 1983க்கு முன் அந்தக் கடைகளின் கீழ் நடந்தவராயின், பெயர் நினைவிருந்தால், யாரிடமாவது சொல்லி வையுங்கள். எழுதுவதற்கு என் கை இன்னும் நடுங்கத் தொடங்கவில்லை.